தொலைக் கணினியில் பொதுச் சாவி வழி நுழைவு: எந்த ஏற்பாடு யாருக்குப் பொருந்தும்?

வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வருக்குப் பொது ஐபி முகவரி கிடைத்து ஓர் இரவு கழிந்த பின் அதன் பதிவேட்டைத் திறந்து பார்ப்பவருக்கு, வெறும் கடவுச்சொல்லை நம்பி அதை இணையத்தில் விட்டுவைக்கலாமா என்ற கேள்வியே எழாது. ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று பயனர் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து, தொலைநுழைவுக்கான 22ஆம் போர்ட் இடைவிடாமல் தட்டப்பட்டிருக்கும். தட்டுபவை பெரும்பாலும் தானாக ஓடும் நிரல்கள். அவற்றுக்குக் களைப்பும் கிடையாது, அவசரமும் கிடையாது. நினைவில் நிற்கும்படி மனிதர் வைத்த எந்தக் கடவுச்சொல்லும் என்றாவது ஒரு நாள் அவற்றின் பட்டியலில் இடம்பெறக்கூடியதுதான்.

ஆகவே பொதுச் சாவி வழி நுழைவுக்கு மாறுவதா வேண்டாமா என்பதில் விவாதிக்க எதுவும் மிச்சமில்லை. இந்த முறையில் இணையான இரண்டு சாவிகள் உண்டு: நம்மிடமே ரகசியமாக இருக்கும் தனிச் சாவி, சர்வரில் பதிக்கும் பொதுச் சாவி. மாறும்போது எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்று: எந்த வகைச் சாவியை உருவாக்குவது, தனிச் சாவியை எங்கே வைப்பது, பொதுச் சாவியைச் சர்வரில் எப்படிச் சேர்த்து எப்படி நீக்குவது. வழிகாட்டிகளில் பெரும்பாலானவை முதல் கேள்வியிலேயே நெடுநேரம் நின்றுவிட்டு மற்ற இரண்டையும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. என் கணிப்பில் பாதுகாப்பைத் தீர்மானிப்பவை பின்னிரண்டுமே. முதல் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை கண்டுவிடலாம்; இரண்டாவதில் அலட்சியமாக இருந்துவிட்டால், சாவி எத்தனை பிட் நீளமாக இருந்தாலும் அது நம்மைக் காப்பாற்றப் போவதில்லை. ஒருவர் தனியாக நடத்தும் சர்வர், நாலைந்து பேர் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் சிறு அலுவலகத்தின் சர்வர்கள், ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கும் பெரிய நிறுவனம் ஆகிய மூன்று நிலைகளை மனத்தில் வைத்து இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கடவுச்சொல்லும் சாவியும் எங்கே பிரிகின்றன

1995இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டன. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் அதற்கு மறுமொழியாக எழுதியதுதான், தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச். அதுவரை புழங்கிய டெல்நெட், ஆர்லாகின் ஆகியவை கடவுச்சொல்லை அப்படியே வெளிப்படையாக அனுப்பிவந்தன. எஸ்எஸ்எச் அந்தப் பாதையைக் குறியாக்கத்தால் மூடியது. ஆனால் பாதை மூடப்பட்டாலும், கடவுச்சொல் வழியாக நுழையும்போது அந்தச் சொல் மறுமுனையில் உள்ள சர்வரின் கைக்கு முழுதாகப் போய்ச் சேரத்தான் செய்கிறது. அந்தச் சர்வரை ஏற்கெனவே யாரேனும் கைப்பற்றியிருந்தாலோ, முதல் இணைப்பில் காட்டப்படும், சர்வரின் சாவியை அடையாளம் காட்டும் ‘கைரேகை’ என்னும் குறியீட்டைப் பார்க்காமல் போலிச் சர்வர் ஒன்றுக்கு ‘யெஸ்’ என்று தட்டியிருந்தாலோ, அந்த நொடியே சொல் பறிபோய்விடும்.

சாவி வழி நுழைவில் அப்படிப் பறிகொடுக்க எதுவும் சர்வருக்குப் போவதில்லை. ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்திலும் இரு முனைகளும் சேர்ந்து ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகின்றன. நம் கணினி அந்த எண்ணையும் பயனர் பெயரையும் சேர்த்துத் தனிச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. சர்வர் தன்னிடம் உள்ள பொதுச் சாவியைக் கொண்டு அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. நடுவில் புகுந்தவர் அந்தக் கையொப்பத்தை வாங்கி உண்மையான சர்வரிடம் நீட்டினாலும் அது செல்லாது, ஏனெனில் அவருக்கும் உண்மையான சர்வருக்கும் இடையிலான இணைப்பின் அடையாள எண் வேறு. இந்த ஒரு பண்புக்காகவே, மிக நீண்ட, எவரும் ஊகிக்க முடியாத கடவுச்சொல் வைத்திருப்பவரும் சாவிக்கு மாற வேண்டும் என்பேன்.

போர்ட் எண்ணை மாற்றுவதையும், தவறாக முயலும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற மென்பொருளையும் இதற்கு மாற்றாகச் சிலர் முன்வைப்பதுண்டு. அவை பதிவேட்டின் இரைச்சலைக் குறைக்கும். அந்த அளவில் பயனுள்ளவை. பரவலாகப் புழங்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச்சின் 9.8 பதிப்பிலிருந்து சர்வர் மென்பொருளே தொந்தரவு தரும் முகவரிகளைச் சிறிது நேரம் ஒதுக்கிவைக்கிறது. எனினும் சாவியின் இடத்தை இவற்றில் எதுவும் நிரப்பாது.

சாவி வகை: எளிதில் முடியும் கேள்வி

புதிதாகத் தொடங்குபவர் இடி25519 வகையை எடுத்துக்கொள்ளலாம். டேனியல் பெர்ன்ஸ்டைனும் உடனாய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட இந்த முறையை ஓபன்எஸ்எஸ்எச் 2014 ஜனவரியில் வந்த 6.5 பதிப்பில் ஏற்றுக்கொண்டது. 2023 அக்டோபரில் வந்த 9.5 பதிப்பிலிருந்து, வகை எதையும் குறிப்பிடாமல் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையைக் கொடுத்தால் உருவாவதும் இதே வகைதான். பொதுச் சாவி 32 பைட்டு மட்டுமே. ஒரே வரியில் அடங்கிவிடும், ஒட்டும்போது நடுவில் உடைந்து போகாது. பத்து ஆண்டுகளுக்குள் நிறுவப்பட்ட எந்தச் சர்வரும் பெரும்பாலும் இதைப் புரிந்துகொள்ளும்.

ஆர்எஸ்ஏ வகைக்கு இன்னும் இடம் இருக்கிறது. பழைய நெட்வொர்க் ஸ்விட்சுகள், நீண்ட காலம் புதுப்பிக்கப்படாத சாதனங்கள், ஃபிப்ஸ் என்னும் அமெரிக்க அரசின் குறியாக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டு அமைக்கப்பட்ட சில அரசு, வங்கிக் கணினிகள் ஆகியவற்றில் இடி25519 ஏற்கப்படாமல் போகலாம். அங்கே 3072 அல்லது 4096 பிட் ஆர்எஸ்ஏ சாவி தயக்கமின்றிப் பயன்படுத்தத் தக்கது. இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைக்க வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, ‘எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ’ என்னும் கையொப்ப முறையை இயல்பாக மறுக்கத் தொடங்கியதும், தங்கள் ஆர்எஸ்ஏ சாவிகளே செல்லாமல் போய்விட்டன என்று பலர் எண்ணிவிட்டனர். மறுக்கப்பட்டது ஷா-1 என்னும் பழைய ஹாஷைக் (செய்தியைச் சுருக்கி ஓர் எண்ணாக்கும் முறை) கொண்டு இடும் கையொப்பம்; சாவி அன்று. அதே ஆர்எஸ்ஏ சாவி, ஷா-2 ஹாஷுடன் கையொப்பமிடத் தெரிந்த இரு முனைகளுக்கு இடையே இன்றும் இயல்பாக வேலை செய்கிறது. புதுச் சர்வரில் பழைய சாவி மறுக்கப்பட்டால், சாவியைத் தூக்கிப் போடும் முன் நம் பக்கத்து மென்பொருளின் வயதைப் பார்க்க வேண்டும்.

டிஎஸ்ஏ வகையைப் பற்றி நீளமாகப் பேச எதுவும் இல்லை: 2015இல் இயல்பு நிலையில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் வந்த 10.0 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டுவிட்டது. இசிடிஎஸ்ஏ வகைக்கு என் பரிந்துரை, வேறு வழி இல்லாதபோது மட்டும் என்பதே. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் அதற்கு ஒரு புதிய ரகசிய எண் தேவை. அந்த எண்ணில் சிறு சாய்வு இருந்தாலும் போதும், பல கையொப்பங்களைச் சேர்த்துப் பார்ப்பவர் தனிச் சாவியையே கணக்கிட்டுவிட முடியும். 2024 ஏப்ரலில் புட்டி என்னும் எஸ்எஸ்எச் மென்பொருளில் வெளிப்பட்ட குறை இதற்குச் சரியான சான்று. இசிடிஎஸ்ஏவின் 521 பிட் வகைக்கான ரகசிய எண்ணை அது 512 பிட் ஹாஷிலிருந்து உருவாக்கியதால், ஒவ்வொரு முறையும் முதல் 9 பிட்டுகள் பூச்சியமாகவே இருந்தன. ஏறத்தாழ 60 கையொப்பங்கள் கிடைத்தால் தனிச் சாவியை மீட்டுவிடலாம் என்ற நிலை உருவாயிற்று. 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் அந்த வகைச் சாவியைப் பயன்படுத்தியவர்கள் மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. சாவியையே எல்லாச் சர்வர்களிலிருந்தும் நீக்கியாக வேண்டும். இடி25519 அந்த ரகசிய எண்ணைச் செய்தியிலிருந்தும் சாவியிலிருந்தும் நிலையான ஒரே முறையில் பெற்றுக்கொள்கிறது. எழுதுபவர் பிழை செய்வதற்கான வழிகளை அந்த வடிவமைப்பே பெருமளவு அடைத்துவிடுகிறது.

குவாண்டம் கணினிகள் வந்தால் இந்தச் சாவிகள் என்னாகும் என்று கேட்பவர்களுக்கு: இவை எல்லாமே உடையும், ஆனால் நேற்று நடந்த நுழைவை நாளை போலியாக நடத்திக்காட்ட எவராலும் முடியாது. பதிவு செய்துவைத்துப் பின்னாளில் உடைக்கப்படும் அபாயம் இணைப்பின் உள்ளடக்கத்துக்கே உண்டு. அதற்கான புதிய சாவிப் பரிமாற்ற முறையை ஓபன்எஸ்எஸ்எச் 2022இல் வந்த 9.0 பதிப்பிலேயே இயல்பாக்கிவிட்டது. நுழைவுச் சாவியின் வகையைத் தேர்வதில் இது இப்போதைக்கு எந்த மாற்றமும் செய்யாது.

தனிச் சாவி எங்கே இருக்க வேண்டும்

முதல் வழி, கோப்பைப் பூட்டும் கடவுச்சொல்லான கடவுத்தொடர் ஏதும் இன்றித் தனிச் சாவியை மடிக்கணினியில் ஒரு சாதாரணக் கோப்பாக வைப்பது. எஸ்எஸ்எச்-கீஜென் கேட்கும் இடத்தில் இரண்டு முறை என்டர் தட்டினால் கிடைப்பது இதுதான்; அதனாலேயே உலகெங்கும் இது பரவலாகப் புழங்குகிறது. இதன் வசதியை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கோப்பைப் படிக்க முடிந்த எதுவும் நாமாகிவிடுகிறது: நம்பி நிறுவிய ஒரு நிரல், மேகத்துக்குத் தானாகப் போகும் பேக்கப், விற்பனைக்குப் போன பழைய ஹார்ட் டிஸ்க், தவறுதலாகப் பொதுவில் ஏற்றப்பட்ட ஒரு கோப்புறை. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கு அல்ல. 2023 மார்ச்சில், நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப் தன் சர்வரின் ஆர்எஸ்ஏ தனிச் சாவி சிறிது நேரம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் வெளிப்பட்டுவிட்டதால் அதை மாற்ற நேர்ந்தது. மேக நிறுவனத்தின் பலகையில் சாவியை உருவாக்கி, பெம் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்வதும் ஏறத்தாழ இதே நிலைதான். தரவிறக்கக் கோப்புறையில் அது கேட்பாரற்றுக் கிடக்கும். தனிச் சாவியை நம் கணினியிலேயே உருவாக்கிப் பொதுச் சாவியை மட்டும் பலகையில் ஏற்றுவதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் இடம் தருகின்றன. அதையே செய்ய வேண்டும்.

இரண்டாவது வழி, கோப்பைக் கடவுத்தொடரால் பூட்டி, ஏஜென்ட் என்னும் துணை நிரலிடம் ஒப்படைப்பது. காலையில் ஒரு முறை கடவுத்தொடரைத் தட்டினால் போதும். ஏஜென்ட் சாவியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு நமக்காகக் கையொப்பமிடும். எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையில் நான்கு மணி நேரம் என்று கால வரம்பு கொடுத்தால், அது கழிந்ததும் ஏஜென்ட் சாவியைத் தானாக மறந்துவிடும். கோப்பு திருடுபோனாலும், திருடியவர் கடவுத்தொடரை ஊகித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாம் சர்வர்களிலிருந்து அந்தச் சாவியை நீக்கிவிடலாம். தனியாகச் சர்வர் நடத்துபவருக்குச் செலவில்லாமல் கிடைக்கும் இந்தக் கால அவகாசம் பெரிய பலம்.

இதில் கோப்பின் வடிவமும் முக்கியம். தனிச் சாவிக் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். ‘பிகின் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ’ என்று இருந்தால் அது பழைய வடிவம். அதில் கடவுத்தொடர் ஒரே ஒரு எம்டி5 ஹாஷ் சுற்றில் பூட்டுச் சாவியாக மாற்றப்படுகிறது, ஆகவே ஊகித்து முயல்பவருக்கு ஒவ்வொரு முயற்சியும் மலிவு. ‘பிகின் ஓபன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ’ என்று இருந்தால் அது பிகிரிப்டைப் பயன்படுத்தும் புதிய வடிவம். அங்கே ஒவ்வொரு முயற்சிக்கும் கணினி உழைத்தாக வேண்டும். 2018 ஆகஸ்டில் வந்த 7.8 பதிப்புக்கு முன் உருவாக்கிய சாவியை இன்றும் வைத்திருப்பவர்கள், கடவுத்தொடரை மாற்றும் கட்டளையை இன்றைய எஸ்எஸ்எச்-கீஜென்னில் ஒரு முறை ஓட்டினாலே கோப்பு புதிய வடிவத்தில் எழுதப்பட்டுவிடும். பொதுச் சாவி மாறாது. சர்வர் எதையும் தொட வேண்டியதில்லை.

ஏஜென்டைப் பற்றிப் பேசும்போது அதை அடுத்த சர்வருக்கு முன்னனுப்பும் வசதியைப் பற்றிக் கடுமையாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்து இன்னொன்றுக்குப் போக, பலர் ஏஜென்டை முன்னனுப்பி வைக்கிறார்கள். சாவி நம் கணினியை விட்டு வெளியேறுவதில்லை என்பது உண்மை. ஆனால் நாம் உள்ளே இருக்கும் வரை, அந்த இடைச் சர்வரில் ரூட் என்னும் முழு நிர்வாகி உரிமை பெற்றவர் எவரும் நம் ஏஜென்டிடம் கையொப்பம் கேட்டு வாங்கிக்கொள்ள முடியும். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் என்னும் செய்திப் பரிமாற்றத் திட்டத்தின் கட்டமைப்புக்குள் புகுந்தவர்கள் ஜென்கின்ஸ் மென்பொருளின் ஓட்டையால் ஒரு கணினியைப் பிடித்து, அங்கே முன்னனுப்பப்பட்ட ஏஜென்ட் வழியாகவே உற்பத்திச் சர்வர்களுக்கு ஏறினார்கள். இதே தேவைக்கு 2016இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து பிராக்ஸிஜம்ப் இருக்கிறது: இடைச் சர்வர் வெறும் குழாயாக மட்டும் செயல்படும், இறுதிச் சர்வருடனான கையொப்பம் நம் மடிக்கணினியிலேயே நடக்கும். இது இருக்கும்போது ஏஜென்டை முன்னனுப்புவதைத் தேர்வதற்குக் காரணமே எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழி, தனிச் சாவியை எவராலும் நகலெடுக்க முடியாத ஒரு சாதனத்துக்குள் வைப்பது. 2020 பிப்ரவரியில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.2, ஃபிடோ என்னும் அடையாளச் சரிபார்ப்புத் தரத்தில் அமைந்த யுஎஸ்பி சாவிகளை நேரடியாக ஏற்கத் தொடங்கியது. யுபிகீ போன்ற ஒரு சாதனத்தைச் செருகி, ‘இடி25519-எஸ்கே’ வகையைச் சொல்லி எஸ்எஸ்எச்-கீஜென்னை ஓட்டினால், சாதனத்தின் விளக்கு சிமிட்டும். விரலால் தொட்டதும் சாவி உருவாகும். கணினியில் எழுதப்படும் கோப்பு வெறும் குறிப்பு மட்டுமே. சாதனம் இல்லாமல் அது எதற்கும் பயன்படாது. அதன் பின் ஒவ்வொரு நுழைவின்போதும் ஒரு தொடுதல் வேண்டும். மடிக்கணினிக்குள் தீநிரல் புகுந்திருந்தாலும், நாம் தொடாத நேரத்தில் அதனால் சர்வருக்குள் போக முடியாது. முதல் இரண்டு வழிகளிலும் இல்லாத காப்பு இது.

இதன் இடர்ப்பாடுகளையும் எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். சர்வரும் 8.2 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும்; உபுண்டு 20.04 முதல் இது சிக்கலில்லை, ஆனால் 7.4 பதிப்போடு நிற்கும் சென்ட்ஓஎஸ் 7இலும் 8.0 பதிப்போடு வந்த ரெட் ஹேட் 8இலும் இந்த வகைச் சாவி புரியாது. ஆப்பிள் தன் மேக் கணினிகளோடு தரும் எஸ்எஸ்எச்சில் இதற்கான பகுதி நெடுங்காலம் சேர்க்கப்படாமலே இருந்ததால், மேக் வைத்திருப்பவர்கள் பலர் ஹோம்ப்ரூ என்னும் நிறுவல் கருவி வழியாக வேறொரு ஓபன்எஸ்எஸ்எச்சை நிறுவ நேர்ந்தது. ஐம்பது சர்வர்களில் வரிசையாக ஒரு கட்டளையை ஓட்டுபவருக்கு ஐம்பது தொடுதல்கள் என்பது வேலைக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதனம் தொலைந்தால் சாவியும் தொலைந்தது. ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு சாதனங்கள் வாங்கி, இரண்டின் பொதுச் சாவிகளையும் சர்வரில் பதித்து, இரண்டாவதை வேறோர் இடத்தில் பூட்டிவைக்க வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு தனி மனிதருக்குச் சிறிதல்ல. பணம் தடையாக இருப்பவர்கள், புதிய மடிக்கணினிகளில் உள்ள பாதுகாப்புச் சில்லில் சாவியை வைக்கும் மென்பொருளைப் பார்க்கலாம். தொடுதலும் நகலெடுக்க முடியாமையும் அங்கும் கிடைக்கும், ஆனால் சாவி அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும்.

என் தீர்ப்பு இது. தனி மனிதருக்கும் சிறு குழுவுக்கும் இரண்டாவது வழியே அன்றாட அடித்தளம். அதற்குக் கீழே இறங்க எந்தக் காரணமும் நியாயமில்லை. பிறருடைய தரவைத் தாங்கும் சர்வரில் நிர்வாகி உரிமை உள்ளவர்களுக்கு மட்டும் மூன்றாவது வழி கட்டாயம்: நோயாளிகளின் குறிப்பு, மாணவர் பதிவேடு, வாடிக்கையாளரின் கணக்கு ஆகியவை உள்ள இடத்தில் யுஎஸ்பி சாவியின் விலையைப் பார்த்துத் தயங்கக் கூடாது. எந்த வழியானாலும் ஒரு சாதனத்துக்கு ஒரு சாவி என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். மடிக்கணினியிலிருந்து மேசைக் கணினிக்குத் தனிச் சாவியை நகலெடுத்துப் போவதை விட, இரண்டிலும் தனித்தனியே உருவாக்கிச் சர்வரில் இரண்டு வரிகளாகச் சேர்ப்பது நல்லது. ஒன்று தொலைந்தால் அந்த ஒரு வரியை மட்டும் அழித்தால் போதும்.

முதல் வழி பொருந்தும் இடம் ஒன்றே ஒன்று: நள்ளிரவில் தானாக ஓடும் பேக்கப் போன்ற வேலை. அங்கே கடவுத்தொடரைத் தட்ட ஆள் கிடையாது. ஆனால் அதற்கென்று தனியாக ஒரு சாவியும் உரிமை குறைந்த ஒரு பயனர் கணக்கும் உருவாக்கி, சர்வரில் அந்தப் பொதுச் சாவி வரியின் முன்னால் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லையும், எந்த முகவரியிலிருந்து வரலாம் என்பதையும், எந்த ஒரே கட்டளையை ஓட்டலாம் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அப்படிக் கட்டப்பட்ட சாவி திருடுபோனாலும், திருடியவருக்கு முனையம் திறக்காது.

பொதுச் சாவியைச் சேர்ப்பதும், அதைவிட முக்கியமாக நீக்குவதும்

ஒரே ஒரு சர்வர் என்றால் எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கட்டளையே போதும். அது கடவுச்சொல் வழியாக ஒரு முறை நுழைந்து, ‘ஆத்தரைஸ்டு_கீஸ்’ கோப்பில் நம் பொதுச் சாவியைச் சேர்த்து, கோப்புரிமைகளையும் ஓரளவு சரிசெய்துவிடும். கையால் ஒட்டுபவர்களே பெரும்பாலும் சிக்கலில் மாட்டுகிறார்கள். சாவி சரியாகவே இருக்கும். ஆனாலும் சர்வர் மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்கும். காரணம் பல நேரங்களில் உரிமை எண்கள்தான்: ‘.எஸ்எஸ்எச்’ அடைவுக்கு 700, உள்ளே இருக்கும் கோப்புக்கு 600 என்று வைத்த பிறகும், பயனரின் வீட்டு அடைவில் குழுவினர் எழுதலாம் என்றிருந்தால் சர்வர் அந்தச் சாவிக் கோப்பை நம்ப மறுத்துவிடும். நம் பக்கத்தில் இதைப் பற்றி எந்த அறிவிப்பும் வராது. சர்வரின் பதிவேட்டில்தான் உரிமை தவறு என்ற வரி இருக்கும். விண்டோஸ் சர்வரில் இன்னொரு திருப்பம் உண்டு: நிர்வாகிகள் குழுவில் உள்ளவர்களின் பொதுச் சாவிகள் அவரவர் வீட்டு அடைவிலிருந்து படிக்கப்படுவதில்லை, புரோகிராம்டேட்டா அடைவில் நிர்வாகிகளுக்கென்று உள்ள பொதுக் கோப்பிலிருந்தே படிக்கப்படுகின்றன.

நாலைந்து பேரும் பத்துச் சர்வர்களும் என்றாகும்போது, சேர்ப்பது எளிதாகவே இருக்கும், நீக்குவது மறந்துபோகும். வேலையை விட்டுப் போனவரின் சாவி ஏதோ ஒரு சோதனைச் சர்வரில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். இந்த நிலைக்கு அன்சிபிள் போன்ற ஒரு கருவியால், ஒரே பட்டியலிலிருந்து எல்லாச் சர்வர்களின் சாவிக் கோப்பையும் முழுதாக மாற்றி எழுதுவதே நல்ல வழி. முழுதாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது: சேர்க்க மட்டும் செய்யும் அமைப்பு, பட்டியலில் இல்லாத பழைய வரிகளை அப்படியே விட்டுவிடும். உபுண்டுவில் கிட்ஹப் கணக்கிலிருந்து பொதுச் சாவிகளை இழுத்துவரும் ஒரு கட்டளையும் உண்டு; வசதியானது, ஆனால் அது ஓடிய நாளின் நிலையை மட்டுமே கொண்டுவரும், பின்னாளில் அங்கே நீக்கப்பட்ட சாவி இங்கே தானாக நீங்காது.

பெரிய நிறுவனத்துக்குப் பொருந்துவது சான்றிதழ் முறை. 2010 மார்ச்சில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 5.4 முதலே இது இருக்கிறது. ஃபேஸ்புக் தன் பெரும் எண்ணிக்கையிலான சர்வர்களுக்கு இதைப் பயன்படுத்துவதை 2016இல் விரிவாக எழுதி வெளியிட்டது. இங்கே எந்தச் சர்வரிலும் எவருடைய பொதுச் சாவியும் பதிக்கப்படுவதில்லை. சான்று தரும் ஒரே ஒரு பொதுச் சாவியைச் சர்வர்கள் நம்புகின்றன. ஊழியரின் பொதுச் சாவியில் அந்தச் சான்றுச் சாவி, இன்னார், இந்தப் பொறுப்புகளுக்கு உரியவர், இத்தனை மணி வரை செல்லும் என்று கையொப்பமிட்டுத் தருகிறது. எட்டு மணி நேரச் சான்றிதழ் வைத்திருந்தவர் வேலையை விட்டால், மறுநாள் யாரும் எதையும் நீக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவருடைய நுழைவு முடிந்துவிடுகிறது. சர்வர்களுக்கும் இதே போலச் சான்றிதழ் தரலாம். முதல் இணைப்பில் கைரேகையைக் கண்ணால் ஒப்பிடும் வேலை அதோடு ஒழியும்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் முழு நிறுவனத்தின் பாதுகாப்பும் சான்று தரும் அந்தத் தனிச் சாவியின் மேல் வந்து குவிகிறது. அதைப் பாதுகாக்கவும், ஊழியரின் அடையாளத்தைச் சரிபார்த்துத் தினமும் கையொப்பமிடவும், அந்தச் சேவை நின்றுபோனால் அவசரமாக உள்ளே நுழையவும் தனித் திட்டம் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத ஐந்து பேர் அலுவலகம் இதை ஏற்படுத்துவது வீண் சுமை. அவர்களுக்கு ஒரே பட்டியலும் அதை முழுதாக எழுதும் கருவியுமே போதும். முப்பது, நாற்பது பேர் என்று வளரும்போதும், ஒப்பந்த ஊழியர்கள் மாதாமாதம் மாறும்போதும் மட்டுமே கணக்கு சான்றிதழின் பக்கம் சாய்கிறது.

கடவுச்சொல்லை மூடும் வரிசை

எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும், கடவுச்சொல் வழியை மூடாமல் விட்டால் தொடக்கத்தில் சொன்ன தானியங்கி நிரல்களுக்கு எதுவும் மாறாது. ‘பாஸ்வேர்டுஆத்தென்டிகேஷன்’ என்னும் அமைப்பை ‘நோ’ என்று மாற்ற வேண்டும். கூடவே ‘கேபிடிஇன்டராக்டிவ்ஆத்தென்டிகேஷன்’ என்பதையும் ‘நோ’ ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே கடவுச்சொல் பின்வாசல் வழியாகக் கேட்கப்படலாம். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்காக இந்த வழியை வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பவர்கள் மட்டும் இதற்கு விலக்கு.

உபுண்டு மேகச் சர்வர்களில் பலரைக் குழப்பும் ஒன்று இங்கே இருக்கிறது. முதன்மை அமைப்புக் கோப்பில் ‘நோ’ என்று எழுதியும் சர்வர் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டே இருக்கும். இந்தக் கோப்புகளில் ஒரு அமைப்புக்கு முதலில் படிக்கப்படும் மதிப்பே செல்லும். துணை அடைவில், மேகச் சர்வரை முதன்முறை அமைக்கும் நிரலான கிளவுட்-இனிட் எழுதிவைத்த, 50 என்ற எண்ணில் தொடங்கும் சிறு கோப்பு முதலில் படிக்கப்பட்டு, அதில் ‘யெஸ்’ என்று இருந்தால் அதுவே வெல்லும். ஆகவே கோப்பில் எழுதியதை நம்பிவிடாமல், சர்வர் நிரலைப் பெரிய ‘டி’ (T) விருப்பத்தோடு ஓட்டினால் அது இறுதியில் எந்த மதிப்புகளை எடுத்துக்கொண்டது என்பதை அப்படியே பட்டியலிட்டுக் காட்டும். சிறிய ‘டி’ (t) விருப்பம் எழுத்துப் பிழை உண்டா என்று மட்டும் சோதிக்கும்; சேவையை மறுதொடக்கம் செய்யும் முன் இரண்டையும் ஓட்டுவது நல்லது.

மறுதொடக்கம் செய்யும்போது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் முனையத்தை மூடவே கூடாது. திறந்திருக்கும் இணைப்பு சேவையின் மறுதொடக்கத்தால் அறுந்துபோவதில்லை. இரண்டாவது முனையத்தில் புதிதாக, சாவி வழியாக நுழைந்து பார்த்து, நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையும் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு, மூன்றாவது முறையாகச் சாவியை வேண்டுமென்றே மறைத்து இணைத்துப் பார்க்க வேண்டும். அப்போது கடவுச்சொல் கேட்கப்படாமல் ‘பெர்மிஷன் டினைடு’ என்று வந்து, அடைப்புக்குறிக்குள் ‘பப்ளிக்கீ’ என்ற ஒரே சொல் மட்டும் இருந்தால், வழி மூடப்பட்டது உறுதி. அந்தச் சொல்லோடு ‘பாஸ்வேர்டு’ என்பதும் சேர்ந்து வந்தால் எங்கோ ஒரு கோப்பு இன்னும் மிஞ்சியிருக்கிறது. இதற்கெல்லாம் முன்பாகவே, சர்வர் நிறுவனத்தின் பலகையில் உள்ள மீட்பு முனையத்தை ஒரு முறை திறந்து, எஸ்எஸ்எச் இல்லாமலே உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவைத்திருக்க வேண்டும். அந்த மீட்பு முனையம் கேட்பது சர்வர் பயனரின் கடவுச்சொல்லை என்பதால், வலையமைப்பில் கடவுச்சொல் வழியை மூடினாலும் நீளமான ஒரு கடவுச்சொல்லைக் கணக்கில் வைத்து, அதைக் கடவுச்சொல் மேலாளரிலோ பூட்டிய அலமாரியில் உள்ள தாளிலோ எழுதிவைப்பது அவசியம்.